நேரில் வந்த நாற்பது பேர்

ஜூலை 6

என் அருமை மருமகள் பம்பரத்துக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. போன வாரம் கல்லூரி உடற்பயிற்சி வாத்தியார் என்னை நிறுத்தி, "உங்க வயசென்ன?" என்று கேட்டார். சொன்னேன். மனுஷன் நம்பவே இல்லை. அங்கே உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? அக்காவுக்கு முழங்கால் மடக்க வருகிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. போனில் பேசினால் உங்கம்மா இரண்டாவது நிமிஷமே "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாள். நான் அப்போதுதான் விஷயத்துக்கே வந்திருப்பேன். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது. தவிர, உங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் பகலெல்லாம் உனக்குக் கல்லூரி நடக்கிறது.

கல்லூரி என்றதும் ஞாபகம் வருகிறது. பாதிப் பேர் வகுப்பில், பாதிப் பேர் போனில் என்று ஜனவரியில் கொண்டுவந்தார்களே, அந்த யோசனை யாருடையது என்று நினைக்கிறாய்? முதல்வர் ஒருநாள் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, "இவ்வளவு பிள்ளைங்களை எங்கய்யா உட்கார வைக்கிறது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு தாளை மெஷினில் வைத்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "சார், அசல் இங்கேயே இருக்கட்டும். நகல் எந்த ஊருக்கு வேணும்னாலும் போகட்டுமே" என்றேன். மனுஷன் டீயைக்கூடக் குடிக்காமல் ஓடினார். அடுத்த மாதம் அறிவிப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று என்னைச் சொல்வார்கள். நான் எங்கே நின்றேன்? பள்ளிக்கூடம்தான் நின்றுவிட்டது, நான் போய்க்கொண்டே இருக்கிறேன்.

கடையில் கூட்டம் தாங்கவில்லை. டோக்கன் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் ஐந்து தடவை எழுந்து வாசலுக்குப் போய்வந்துவிட்டேன்.

உன் முன்னேற்றத்துக்கு முதல் காரணமான
மாமா

ஜூலை 19

அன்புள்ள மாமாவுக்கு,

பம்பரம் வணக்கத்துடன் எழுதுவது. கழுத்துவலி அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, ஆனாலும் தையல் மெஷின் மிதிக்கிறாள். உங்கள் உடம்புக்குக் குறைவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் நான் கேட்கவில்லை.

என் கல்லூரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கட்டிங் மேசையின் ஓரம்தான் கல்லூரி. நூல்கண்டு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஒரு காதில் பேராசிரியர், இன்னொரு காதில் அம்மா. கையில் பள்ளிக்கூடச் சீருடைச் சட்டை. ஒரு பாடத்துக்கு நாற்பது பட்டன். போன வாரம் புள்ளியியல் வகுப்பில் ஒரு சட்டைக்கு முதுகுப் பக்கம் பட்டன் தைத்துவிட்டேன். அம்மா சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதைத்தான் அந்த வாத்தியார் சொல்லிக் குடுக்கறாரா?" என்றாள்.

அம்மா என்னைப் படிக்க விட்டதே போனில் படிக்கலாம் என்றதால்தான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் கை இல்லையென்றால் ஆர்டர் நகராது. கல்லூரிக்கோ ஏழு மணி நேரப் பேருந்து. "தினம் வரணும்னு என்னைக்குச் சொல்றானோ அன்னைக்கோட நின்னுக்கோ" என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டாள். இந்த ஏற்பாட்டைத் தொடர்வதா, பழையபடி எல்லோரையும் தினமும் வரச் சொல்வதா என்று வருஷக் கடைசிக்குள் ஒரு குழு முடிவு செய்யப் போகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, மாணவர்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டு எழுதும் வேலையைப் புள்ளியியல் பேராசிரியர் என் தலையில் கட்டியிருக்கிறார். போனில் கேட்டால் எல்லோரும் கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்களாம். அதனால் தாளில், கையால் எழுதி வாங்க வேண்டும். வீட்டிலிருந்து படிக்கும் இருபது பேரில் நானும் ஒருத்தி, மற்றவர்களுக்கு நானே தபாலில் அனுப்புகிறேன். கல்லூரிக்கு நேரில் வரும் நாற்பது பேர் வேண்டும். நீங்கள்தான் வாசலிலேயே இருக்கிறீர்கள். செய்வீர்களா மாமா? பெயர் வேண்டாம். அவர்களே எழுதி, மடித்து, பின் அடித்துத் தர வேண்டும். நீங்கள் பிரித்துப் பார்க்கக் கூடாது. குழுவின் மேசைக்கு இது போகிறது.

இன்னொன்று. நான் நேரில் வந்து உங்கள் வீட்டில் நாலு நாள் தங்கிக் கேட்டால் என்ன? அம்மா "மாமனைக் கேளு" என்கிறாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
பம்பரம்

ஜூலை 27

மருமகள் பம்பரத்துக்கு,

உடம்பு இரும்பு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு அங்குலம் வளர்ந்தேன். நாற்பது பேரா? நானூறு கேட்டிருக்கலாம். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன் நான். உன் தாளை நானே நகல் எடுத்தேன், கறுப்பு கொஞ்சம் கூட்டி வைத்து. எழுத்து ஒவ்வொன்றும் எழுந்து நின்று பேசுகிறது.

தங்குவது பற்றி. வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. அடிப்பவன் சாதாரண ஆள் இல்லை, பெரிய கலைஞன். ஒரு சுவருக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறான். அவசரப்படுத்தினால் கோபித்துக்கொண்டு போய்விடுவான். சாமானெல்லாம் நடுக்கூடத்தில் மலை மாதிரி கிடக்கிறது. நீ வந்தால் அதன் மேல் ஏறித்தான் படுக்க வேண்டும். முடியட்டும், நானே சொல்கிறேன்.

அக்காவிடம் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் போடச் சொல். அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

உன் ஆய்வின் தலைமை அதிகாரி
மாமா

ஆகஸ்ட் 18

மருமகள் பம்பரத்துக்கு,

நலம், நலம், மூன்றாவது தடவையும் நலம். முழங்கால் விஷயம் எழுது.

இத்துடன் நாற்பது தாள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கடை வாசலில் நாற்காலி போட்டேன். டீ சொன்னேன். "உட்காருப்பா, மனசுல இருக்கிறதை எழுது, மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றேன். திரும்பியும் கொண்டேன். வரிசை தெருமுனை வரை போய் இடது பக்கம் வளைந்தது. போக்குவரத்துக் காவலர் வந்து, "என்ன இங்க தேர்தலா?" என்று கேட்டார்.

உனக்கு வேண்டிய பதில்தான் வந்திருக்கும் என்று என் மனசு சொல்கிறது. நான் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை.

வெற்றியுடன்
மாமா

ஆகஸ்ட் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நான் இல்லை. அம்மா நலம்.

தாள்களைப் பிரித்தேன். இதோ ஒருவர்: "நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து பாடம் கேட்கிறேன். அங்கேதான் சிக்னல் சுத்தமாக வருகிறது. ஒருநாள் ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர் பதில் சொல்லி, எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது." இன்னொருவர் ஒரு காதில் நம் கல்லூரி, மறு காதில் வேறொரு கல்லூரி என்று ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கிறாராம். மூன்றாமவர் லாரி ஓட்டிக்கொண்டே பொருளாதாரம் கேட்கிறார். பள்ளம் வரும்போதெல்லாம் பணவீக்கம் புரிகிறதாம். எல்லோரும் கடைசி வரியில் "கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் பழுத்த அறிவாளி" என்று முடித்திருக்கிறார்கள். ஆறு வண்ணப் பேனா. பாதி இடது கையால் எழுதியது.

நேரில் வருகிறவர்களைக் கேட்கச் சொன்னேன். இவர்களில் ஒருவர்கூடக் கல்லூரிப் பக்கமே வருவதில்லையே, மாமா!

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று நிஜம். இருபத்தொன்பது நீங்கள். இருபத்தொன்பது பேரும் போன் வகுப்பு தொடர வேண்டும் என்கிறார்கள். இதை அப்படியே கொடுத்தால் நான் கேட்டது நடக்கலாம், என் படிப்பு நிற்காது. அதுதான் என்னை ஆட்டிவைக்கிறது. மூன்று நாளாகத் தாள்களை எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன். அம்மா "என்ன, கால்ல சக்கரமா?" என்று திட்டுகிறாள்.

நிஜமான பதினொன்றில் ஒரு பெண் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "இன்று இந்தக் கடைக்கு வந்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. போகவே விடாமல் இரண்டாவது டீயும் வாங்கிக் கொடுத்தார்."

கடை எப்படிப் போகிறது மாமா?

பம்பரம்

செப்டம்பர் 14

மருமகளுக்கு,

நலம். பதிலுக்குத் தாமதமானதற்குக் காரணம், மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. அதை இழுக்க ஒரு வாரம், அதை யோசிக்க ஒரு வாரம்.

நான் இட்டுக்கட்டினேன் என்கிறாய். அந்த இருபத்தொன்பது பேரும் போன வருஷம் வரைக்கும் தினமும் என் கடையில் நின்றவர்கள். ஒவ்வொருத்தன் முகமும் எனக்குத் தெரியும். அவர்கள் வந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வரவில்லை, அதனால் அவர்கள் சார்பில் நான் சொன்னேன். லாரிக்காரன் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டான், ஒப்புக்கொள்கிறேன். இடது கையால் எழுதியதில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது, அதற்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உனக்குப் படிப்பு நிற்கக் கூடாது. எனக்குத் தெரிந்த புள்ளியியல் அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடு. அந்தப் பேராசிரியருக்கு என்ன தெரியப் போகிறது?

கடை பிரமாதமாகப் போகிறது. பெண் பிள்ளைகள் பென்சிலால் எழுதுவதெல்லாம் நிற்காது, அழிந்துபோகும்.

மாமா

செப்டம்பர் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன். சீருடை ஆர்டர் முடிந்துவிட்டது. அம்மா மூன்று நாள் விட்டிருக்கிறாள். இருபத்தாறாம் தேதி வருகிறேன். உங்கள் வீட்டுக் கலைஞரைத் தொந்தரவு செய்யமாட்டேன். விடுதியில் இருக்கும் வகுப்புத் தோழி மூன்று நாள் இடம் தருகிறேன் என்றாள்.

இருபத்தொன்பது வெற்றுத் தாள் எடுத்து வையுங்கள். கறுப்பு கூட்ட வேண்டாம்.

பம்பரம்

அக்டோபர் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு வீக்கம் வடிந்திருக்கிறது. உங்கள் தோள்பட்டைக்கு ஒத்தடம் போடுங்கள், கண்டுபிடித்தவரே போடாவிட்டால் எப்படி?

கேன்டீன் படிக்கட்டில் நீங்கள் எனக்காகக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்பா கண்ணாடிக்காரா, நாட்டுக்காக ஒரு தாள் எழுதக்கூடாதா?" அந்தப் பையன் பயந்துபோய் இரண்டு தாள் எழுதப் பார்த்தான்.

அவன் சொன்னது: "எங்க வீட்டுல எட்டு பேர். கிளாஸ்லதான் எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு." இன்னொருத்தி: "போன்ல சந்தேகம் கேட்கணும்னா கை படத்தை அமுக்கணும். நேர்ல என் மூஞ்சியைப் பார்த்தாலே சாருக்குத் தெரிஞ்சுடும்." ஒருவன் காலையில் பால் வண்டி ஓட்டுகிறவன், பாதி நாள் போனில், பாதி நாள் நேரில் வருகிறான். "இது நின்னா நானும் நின்னுடுவேன்" என்று மட்டும் எழுதினான். அவன் தாளை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

எண்ணி முடித்துவிட்டேன். வீட்டிலிருந்து படிக்கும் இருபது பேரையும் சேர்த்து அறுபது. தினமும் நேரில் வேண்டும் என்றவர்கள் முப்பத்தொரு பேர். இப்போது இருப்பது போலவே இருக்கட்டும் என்றவர்கள் இருபத்தைந்து. எதுவானாலும் சரி என்றவர்கள் நான்கு. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த முப்பத்தொன்றில் நானும் ஒருத்தி.

இரண்டாம் நாள் புள்ளியியல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் வாசலில் நின்று "எங்க வீட்டுப் பொண்ணு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பேராசிரியர் ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் பக்கத்தில் இருந்தவள் "ச்சே" என்று பேனாவைப் போட்டாள். பின்னாலிருந்து ஒருவன் "ஒண்ணுமே புரியலடா" என்றான். நாலு மாதமாக எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மாமா. கட்டிங் மேசை ஓரத்தில் யாருடைய "ச்சே"யும் கேட்பதில்லை. மூன்று பேரும் சேர்ந்து எழுந்து கேட்டோம். அவர் இன்னொரு தடவை போட்டார். புரிந்துவிட்டது.

உங்கள் இருபத்தொன்பது பேரையும் நான் தூக்கிப் போடவில்லை. அவர்களை உங்கள் கடைக்கு எதிராகவே ஓட்டுப் போட வைத்திருக்கிறீர்கள் என்று வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். மெஷின் சூட்டில் விரிசல் விட்டுவிடும். பாயையும் தாள் கட்டுகளுக்குப் பின்னால் வைக்காதீர்கள், அங்கே தண்ணீர் கசிகிறது.

அன்புடன்
பம்பரம்

நவம்பர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீங்கள் நலமாக இருந்தால் எட்டுப் பக்கம் எழுதியிருப்பீர்கள். அதனால்தான் கேட்கிறேன், நலமா?

அறிவிப்பு வந்துவிட்டது. உங்கள் வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். ஜனவரி மூன்றிலிருந்து எல்லோரும் தினமும் நேரில். தூரத்து மாணவர்களுக்கு விடுதியில் இடம் போதாது, அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பேராசிரியர் போனில் கூப்பிட்டு, குழு பல விஷயம் பார்த்தது, உன் அறுபது தாளும் மேசையில் இருந்தது என்றார். பால் வண்டிக்காரன் மாதிரி ஆட்களுக்கு மாலை வகுப்பு ஒன்று யோசிக்கிறார்களாம். அது ஒன்றுதான் மனதுக்கு ஆறுதல்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், என் தாளில் என்ன எழுதினேன் என்பது உட்பட. அவள் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு முழுக் கை தைத்து முடித்தாள். பிறகு, "அப்ப நீயே உன் கையால எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கே" என்றாள். "ஆமாம்மா." "டிசம்பர்ல பரீட்சையை முடிச்சுட்டு நின்னுக்கோ." அவ்வளவுதான் பேச்சு.

நான் அழவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். சமையலறையிலிருந்து மெஷின் வரை பதினோரு அடி. இன்று எத்தனை முறை நடந்தேன் என்று தெரியவில்லை.

பம்பரம்

நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு இருமல் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் இருக்கிறது. உனக்கு முழங்கால் எப்படி?

வீட்டை மே மாதமே காலி செய்துவிட்டேன். வெள்ளையடிப்பு எதுவும் நடக்கவில்லை. கூட்டம் பாதியாகக் குறைந்ததும் வீடு, கடை இரண்டையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்றிலிருந்து கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருக்கிறேன். பம்பரத்துக்கு அது தெரியும். வந்தபோது பார்த்துவிட்டாள், என்னிடம் கேட்கவில்லை. அதனால்தான் இரண்டு மாதமாக எனக்குக் கடிதம் எழுத வரவில்லை.

அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து பிள்ளைகள் வந்து போகிறார்கள். ஜனவரியில் கூட்டம் வரும் என்று நினைக்கிறேன். எவ்வளவு என்று தெரியாது.

அந்த அறையைக் காலி செய்து அவளுக்குத் தருகிறேன். நான் முன்பக்கம் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். கடை ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒன்பது அடி நீளம், எட்டு அடி அகலம். ஒரு மூலையில் கசிவு இருந்தது, அடைத்துவிட்டேன், மழை வந்தால்தான் தெரியும். ஜன்னல் ஒன்று. மின்விசிறி சத்தம் போடும். கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், வெளியிலிருந்து திறக்க முடியாது. குளியலறை பக்கத்துப் பைண்டிங் கடையை ஒட்டிய வீட்டில், அங்கே கடைக்கார அம்மாவும் அவர் மகளும் இருக்கிறார்கள். அவரிடம் பேசிவிட்டேன். நீ வேண்டுமானால் அவரிடமே கேள். வகுப்பு நாலு மணிக்கு முடிந்துவிடும், பிறகு தையல் வேலை ஏதாவது இங்கேயே செய்து அனுப்பலாம். அவள் செய்ய வேண்டாம் என்றாலும் சரி.

இதில் நான் எதையும் கூட்டவில்லை, அக்கா. போனில் சொன்னால் நம்பமாட்டாய் என்று எழுதுகிறேன். எழுதினாலும் நம்ப வேண்டிய கட்டாயமில்லை. வந்து பார்.

தம்பி

டிசம்பர் 18

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் மடக்க வருகிறது. இருமலுக்கு டாக்டரைப் பார், நீயே மருந்து கண்டுபிடிக்காதே.

பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். பட்டனுக்கு எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லியாயிற்று. முதல் சட்டையிலேயே ஊசியை உடைத்தாள், பழகிவிடும்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலைப் பேருந்தில் இரண்டு பேரும் வருகிறோம். ஒன்பதுக்கு எட்டு என்று எழுதியிருக்கிறாய். என் டேப்பைக் கொண்டுவருகிறேன். ஒரு அங்குலம் குறைந்தாலும் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன். அதற்கு நீ அளவு எழுதவில்லை. கொஞ்சம் கூட்டியே தைத்திருக்கிறேன்.

அக்கா